லட்சுமிகாந்தன் வழக்கு: தீர்ப்பா, பத்திரிகையா?

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன லட்சுமிகாந்தன் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். நட்சத்திரங்களின் அந்தரங்கத்தைச் சந்திக்கு இழுத்த ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ இதழ்கள் அவருடையவை. இந்த வழக்கை அறிய எதைப் படிப்பது?

எளிமை
பத்திரிகை: கதைபோல ஓடும். பழைய இதழ்களுக்கு நூலகம் போக வேண்டும்.
தீர்ப்பு: சட்ட ஆங்கிலம். பொறுமை வேண்டும்.

நம்பகம்
பத்திரிகை: கைதும் தண்டனையும் பெரிய செய்தி. இந்தக் கொலை வழக்கில் திரை நட்சத்திரம் எம்.கே.தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றதைத்தான் ஊர் இன்றும் சொல்கிறது.
தீர்ப்பு: மேல்முறையீடு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது, அது வழக்கைச் சென்னைக்கே திருப்பி அனுப்பியது. 1947-இல் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. இந்தப் பாதியைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை! கூடவே கைதான இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு முதலிலேயே விடுதலையானவர். கொன்றது யார் என்பது இன்றுவரை தெரியாது.

அந்தக் காலத்து வாசனை
பத்திரிகைதான், சந்தேகமில்லை. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ திரையில் ஓடிக்கொண்டிருக்க, அதன் நாயகன் பாகவதர் சிறையில். அந்த அதிர்ச்சியைத் தீர்ப்பில் தேடினால் கிடைக்காது.

கொலைக்கதை மட்டும் போதுமென்றால் பத்திரிகை. “பாகவதர் கொலை செய்தாராமே” என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டுமா? தீர்ப்பு. எனக்கு ஒன்றுதான் என்றால் தீர்ப்பையே எடுப்பேன். அப்புறம் பழைய செய்திகள்.