பழைய வீட்டுச் சாமான் விளம்பரம்: ஒன்றரை மாதச் சம்பளம் பறிபோனது

ஒன்றரை மாதச் சம்பளத்தை ஒருவன் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். புது நாட்டில் குடியேறப் போகிறவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகக் கோபம் ஆறும் முன்பே எழுதுகிறேன்.

குடியேறிய முதல் மாதம் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். முன்பணம், வாடகை எல்லாம் கொடுத்து முடித்தால் வீடு வெறுமையாகக் கிடக்கும். குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கட்டில், மெத்தை என்று எல்லாம் ஒரே சமயத்தில் வேண்டும். எந்த விலையைப் பார்த்தாலும் மனம் சொந்த நாட்டுப் பணத்தில் கணக்குப் போட்டுப் பதறும். அதனால்தான் பழைய பொருள்கள் விற்கும் இணையத்தளத்துக்குப் போனேன். "நாட்டைவிட்டுக் கிளம்புகிறோம், எல்லாவற்றையும் சேர்த்து விற்கிறோம்" என்ற விளம்பரங்கள் அங்கே நிறைய இருக்கும். பெரும்பாலும் உண்மையானவைதான். அவற்றுக்கு நடுவேதான் இவனும் உட்கார்ந்திருந்தான்.

அவன் அவசரப்படுத்தவே இல்லை. தானும் வெளியிலிருந்து வந்தவன்தான் என்றான். குழந்தைக்குப் பள்ளி கிடைத்ததா என்று விசாரித்தான். எந்தச் செலவை எப்படிக் குறைக்கலாம் என்று அண்ணன் போலச் சொல்லிக்கொடுத்தான். வீடியோ அழைப்பில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து காட்டினான், சலவை இயந்திரத்தை ஓட்டியும் காட்டினான். "வேறு ஆட்களும் கேட்கிறார்கள், ஆனால் புதிதாக வந்த குடும்பத்துக்குக் கொடுக்கத்தான் மனம் வருகிறது" என்றான். அந்தச் சொல்லை நம்பித்தான் பணம் அனுப்பினேன். வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, முழுத் தொகையையும் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்றான். ஒன்றரை மாதச் சம்பளம் போய்ச் சேர்ந்தது. வண்டி வரவில்லை. தொலைபேசியும் அணைந்துவிட்டது. அவன் கொடுத்த முகவரிக்குப் போனால் கதவைத் திறந்தது வேறொரு குடும்பம். எனக்கு முன்பே சிலர் இதே சாமான்களைத் தேடி வந்தார்களாம்!

அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் கொதிக்க வைக்கிறது. வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பதோடு பொறுப்பு முடிந்தது என்கிறது இணையத்தளம். உடனே விளம்பரத்தை நீக்கிவிட்டார்கள், அதோடு என் ஆதாரமும் போயிற்று. என் வங்கி, "நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம்" என்கிறது. பணம் போன வங்கியோ வாடிக்கையாளரின் தகவலை வெளியிட முடியாது என்கிறது. திருடனுடைய அந்தரங்கத்துக்கு இருக்கும் காவல் என் சம்பளத்துக்கு இல்லை. காவல் நிலையத்தில் ஒரு புகார் எண் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

முடியாத காரியம் என்று வங்கிகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், இப்படி ஏமாந்து உள்நாட்டுக் கணக்குக்கு அனுப்பிய பணத்தை, சில விதிவிலக்குகள் தவிர, 85,000 பவுண்டு வரை வங்கிகளே திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பொருளை நேரில் தொட்டுப் பார்க்காமல் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று அட்டை கொடுத்த வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. ஆனால் சொந்த நாட்டில் எவ்வளவு ஒழுங்காகக் கடன் கட்டியிருந்தாலும் அந்த வரலாறு பெரும்பாலும் எல்லை தாண்டி வராது. அதனால் புதியவர்களுக்குக் கடன் அட்டை எளிதில் கிடைப்பதில்லை. இந்தக் கும்பல் நம்மைக் குறிவைப்பதும் அதனால்தான். அட்டை கிடைக்கும் வரை தரையில் படுத்தாலும் பரவாயில்லை. விளம்பரத்தையும் உரையாடலையும் முதல் நாளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நாளைக் காலை வங்கி மேலாளரைப் பார்க்கப் போகிறேன். ஒன்றரை மாதச் சம்பளம், எளிதில் விடுவதாக இல்லை.