ஏசும் சொல் எது என்று காட்டிய அகராதி

திருகோணமலைக்கு வரும் வெளிநாட்டு ஆட்களை ஆட்டோவில் ஏற்றி ஊர் காட்டுவதுதான் என் தொழில். கோட்டை வாசல், மான்கள், கோணேசர் கோயில், கடைசியாகப் பத்திரகாளி அம்மன் கோயில். அம்மன் கோபுரத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, எங்கள் கோபுரம் மிகவும் ‘கோர்டி’ (gaudy) என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொல்வேன். (கோடி என்று எழுதினால் நூறு இலட்சம் என்று படித்துவிடுவீர்கள்.) சட்டைப் பையில் அடங்கும் அகராதி ஒன்றில் அந்தச் சொல்லுக்குப் ‘பளபளப்பான, பகட்டான’ என்று போட்டிருந்தது. நான் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

ஒருநாள் கனடாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சியும் வெள்ளைக்காரக் கணவரும் வண்டியில் இருந்தார்கள். நான் சொன்னதும் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பிள்ளை குரலைத் தாழ்த்தி, “அண்ணா, அந்தச் சொல்லைக் கோயிலுக்குச் சொல்லாதேங்கோ. அது ஏசுறது மாதிரி” என்றாள். நான்கு வருடமாக அம்மன் வாசலில் நின்று அதைச் சொல்லியிருக்கிறேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு தேடி வாங்கியதுதான் ஒக்ஸ்போர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. எனக்குக் கிடைத்தது 2010இல் வந்த எட்டாம் பதிப்பு, பழைய புத்தகம். ஜப்பானில் ஆங்கிலம் படிப்பித்த ஹோர்ன்பி என்பவர் தொடக்கி வைத்த அகராதி இது. முதலில் அச்சானதும் அங்கேதான், 1942இல். ஆங்கிலம் வேற்றுமொழியாக உள்ள ஆட்களை மனதில் வைத்துச் செய்தது. விளக்கங்கள் எளிய சொற்களிலேயே இருப்பதால் என் அளவு ஆங்கிலத்துக்கே பிடிபடுகிறது.

எனக்குப் பெரிதாகப் பட்டது ஒரு சின்ன விஷயம். கோர்டி என்ற சொல்லுக்குப் பக்கத்தில், விளக்கத்துக்கும் முன்பே, ‘டிஸ்அப்ரூவிங்’ என்று போட்டிருக்கிறது. சொல்பவருக்கு அது பிடிக்கவில்லை என்று அர்த்தம். நிறம் மிஞ்சிப்போய் ரசனை கெட்டுவிட்டது என்பதுதான் அந்தச் சொல். பணத்தைக் காட்டிக்கொள்வதைச் சொல்லும் ‘ஒஸ்டென்டேஷஸ்’ என்பதற்கும் அதே குறி. கண்ணைப் பறிக்கும் பகட்டைச் சொல்லும் ‘ஃபிளாஷி’க்கு அந்தக் குறியோடு ‘பெரும்பாலும்’ என்று ஒரு சொல்லையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ‘கேரிஷ்’ என்பதற்குக் குறி இல்லை, ஆனால் கண்ணுக்கு உவக்காத நிறம் என்று விளக்கமே சொல்லிவிடுகிறது.

‘ஃபிளம்போயன்ட்’ வேறு மாதிரி. ஆளின் நடை உடையில் உள்ள துணிச்சலான பகட்டு அது, ஏச்சு இல்லை. வெயில் காலத்தில் இலை தெரியாமல் சிவப்பாகப் பூக்கும் மயிற்கொன்றைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். பிரெஞ்சில் தீப்பற்றி எரிவது என்று பொருளாம். அந்த மரத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. சிற்பமும் வேலைப்பாடும் நிறைந்ததற்கு ‘ஓர்னேட்’. எங்கள் கோபுரத்துக்கு நான் தேடிய சொல் அதுதான்.

மலிவான மினுக்கலைச் சொல்லும் ‘டோட்ரி’ என்ற சொல்லின் கதையை வேறு இடத்தில் வாசித்தேன். இங்கிலாந்தில் ஈலி என்ற ஊரில் புனித ஓட்ரி பெயரில் நடந்த சந்தையில் கழுத்துக்குக் கட்டும் லேஸ் விற்றார்கள். ‘செயின்ட் ஓட்ரி லேஸ்’ என்பது வாயில் தேய்ந்து ‘டோட்ரி’ ஆகி, காலம் போக மட்டமான சாமானுக்கே பெயராகிவிட்டது.

தமிழ் அர்த்தம் இதில் இல்லை, அது தெரிந்தே வாங்குங்கள். உச்சரிப்புக் குறிகள் பழக எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. ஆட்டோவில் கொண்டு திரிய முடியாத பாரம். அதனால் வீட்டில் பார்த்துக் கொப்பியில் எழுதி, ஏசும் சொல்லுக்கெல்லாம் சிவப்புப் பேனையால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சுற்றுலா வேலையில் இருக்கும் தம்பிமார் சொல்லுக்குச் சொல் அர்த்தம் போடும் குட்டி அகராதியை மட்டும் நம்பாமல் இதையும் ஒன்று வாங்கி வையுங்கள், பழையது கிடைத்தாலும் பரவாயில்லை. இப்போது கோபுரத்தடியில் ‘கலர்ஃபுல்’ என்று தொடங்கி, மேலே உள்ள சிற்பங்களைக் கைகாட்டி ‘ஓர்னேட்’ என்கிறேன். ஆட்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.