பொலோஞா, ஆசியான்: எதைக் கடன் வாங்குவது?

உயர்கல்வியை வட்டார அளவில் இணைக்க முனையும் நாடுகள் முன்மாதிரியாக முதலில் கருதுவது, 1999 ஜூன் 19 அன்று தங்கள் பட்ட அமைப்புகளை ஒத்திசைக்க 29 ஐரோப்பிய நாடுகள் இத்தாலியில் கையொப்பமிட்ட பொலோஞா பிரகடனத்தைத்தான். மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா ஆகியவை 2003 முதல் 2006 வரையிலான ஆண்டுகளில், பிரெஞ்சு வழியில் இளநிலை, முதுநிலை, முனைவர் என்ற படிநிலை அமைப்புக்கு மாறின. ஆனால், ஐரோப்பியப் பண்பாட்டு உடன்படிக்கையில் இணைந்த நாடுகள் மட்டுமே அந்தப் பிரகடனத்தின் வழியே உருவான ஐரோப்பிய உயர்கல்விப் பரப்பில் உறுப்பினராக முடியும் என்பதால், அந்த நாடுகளால் பட்டத்தின் வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடிந்தது; உறுப்புரிமை கிடைக்கவில்லை.

பொலோஞா பிரகடனம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. அதற்கு உண்மையான வலுவைத் தருவது 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் அங்கீகார உடன்படிக்கை. அதன்படி, வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்க மறுப்பதென்றால், உள்நாட்டுப் பட்டத்திலிருந்து அதற்குக் கணிசமான வேறுபாடு இருப்பதை மறுக்கும் நிறுவனமே நிறுவ வேண்டும். மாணவர் அலைந்து நிரூபிக்க வேண்டியதில்லை. பட்டத்தோடு வழங்கப்படும் எட்டுப் பகுதிகள் கொண்ட பிற்சேர்க்கையும் இதே நோக்கத்துக்கு உதவுகிறது. அதன் கடைசிப் பகுதி, பட்டம் வழங்கிய நாட்டின் கல்வி முறையையே விளக்குவதால், முன்பின் அறியாத அதிகாரியாலும் அந்தப் பட்டத்தை மதிப்பிட முடிகிறது.

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் வேறு வழியில் நடந்தன. 1995இல் பல்கலைக்கழக வலையமைப்பை நிறுவிய பிறகு, மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளுக்கிடையே மாணவர் பரிமாற்றத்தை முன்னோடித் திட்டமாகத் தொடங்கி, படிப்படியாக விரிவுபடுத்தின. எந்த நாடும் தன் பட்ட அமைப்பை இதற்காகக் கலைக்க வேண்டியிருக்கவில்லை. பொலோஞா வழியில் வந்த புதிய பட்ட அமைப்பை எதிர்த்து 2009இல் ஜெர்மன் மாணவர்கள் வீதிக்கு வந்ததை நினைத்தால், இந்த நிதானத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதற்கு விலையும் உண்டு. படிப்பின் அளவைக் குறிக்கும் அலகான கிரெடிட் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. மலேசியாவில் அது 40 மணி நேரக் கற்றல். தாய்லாந்திலோ ஒரு பருவத்தில் குறைந்தது 15 மணி நேர வகுப்பு. முதலிரண்டும் மாணவரின் மொத்த உழைப்பை அளக்க, மூன்றாவது வகுப்பறை நேரத்தை மட்டும் அளப்பதால், ஒரு பருவம் வெளிநாட்டில் படித்துத் திரும்பும் மாணவரின் மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஆகவே, புதிதாகத் தொடங்கும் வட்டாரம் ஆசியானின் நிதானத்தையும் லிஸ்பனின் சட்டக் கொள்கையையும் சேர்த்து எடுத்துக்கொள்வதே நல்லது என்பேன். பொலோஞா பாணி மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தைப் பிறகு விவாதிக்கலாம். 2018இல் நடைமுறைக்கு வந்த பட்ட அங்கீகாரத்துக்கான ஆசிய-பசிபிக் டோக்கியோ உடன்படிக்கையிலும் கணிசமான வேறுபாடு என்ற அதே அளவுகோல் இருக்கிறது.