ஐந்து நிமிடச் சராசரியை நம்பலாமா? நெட்வொர்க் அளவீட்டுக் கருவிகளோடு பல வருடப் பழக்கம்

எந்த இணைப்பு எப்போது நிரம்பும், அடுத்த இணைப்பை எந்தப் பக்கம் இழுப்பது என்று கணக்குப் போடுவது என் வேலை. அதற்காகப் பல வருடங்களாகக் கையில் வைத்திருக்கும் கருவிகளும் சூத்திரங்களும் எப்படி உழைக்கின்றன என்று எழுதி வைக்கலாமெனத் தோன்றியது. பெரும்பாலானவை இலவசம், ஆகவே காசு வீணாகுமா என்ற பேச்சே இல்லை. காட்டும் எண்ணை நம்பி முடிவெடுக்கலாமா என்பதுதான் கேள்வி. என் அனுபவத்தில் ஒவ்வொரு கருவியும் தனக்கே உரிய ஒரு விதத்தில் பொய் சொல்லும். அது எந்த விதம் என்று பிடிபட்டுவிட்டால் அதோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தலாம்.

முதலில் கிராஃப். டோபி ஓட்டிகர் 1995இல் உருவாக்கிய எம்ஆர்டிஜி, அவரே 1999இல் வெளியிட்ட ஆர்ஆர்டிடூல் இரண்டும் இன்றும் பல இடங்களில் ஓடுகின்றன. மேலே எத்தனை அழகான டாஷ்போர்டு வைத்தாலும் அடியில் நடப்பது பெரும்பாலும் அதே வேலைதான்: ரவுட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் பைட் கவுன்ட்டரை 300 விநாடிக்கு ஒருமுறை படிக்க வேண்டும், முந்தைய எண்ணைக் கழிக்க வேண்டும், நேரத்தால் வகுக்க வேண்டும். எளிமைதான் பலம். ஆனால் கிராஃபில் 30 சதவீதம் என்று தெரிந்தால், இணைப்பு அமைதியாக 30 சதவீதத்தில் ஓடியிருக்கலாம். 90 விநாடி முழுக்க நிரம்பி வழிந்துவிட்டு மீதி 210 விநாடி சும்மாவும் கிடந்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே கோடுதான். அந்த 90 விநாடியில் வீடியோ அழைப்பில் இருந்தவரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்.

பழைய தரவைச் சுருக்கும் விதமும் கவனிக்க வேண்டியது. எம்ஆர்டிஜியின் வருட கிராஃபில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முழு நாளின் சராசரி. மாலை நேர உச்சம் அதில் கரைந்துபோகும். ஆர்ஆர்டிடூலில் சராசரியோடு உச்சத்தையும் தனியாகச் சேமிக்கச் சொல்லலாம், ஆனால் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது. அப்புறம் 32 பிட் கவுன்ட்டர்: ஒரு கிகாபிட் வேகத்தில் ஓடும் இணைப்பில் அது சுமார் 34 விநாடியில் ஒரு சுற்று முடித்துப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படிப்பவருக்கு எத்தனை சுற்று போனது என்று எப்படித் தெரியும்? 64 பிட் கவுன்ட்டரைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

இதே ஐந்து நிமிட அளவுகளை வைத்துத்தான் 95ஆவது நூற்றுமானம் என்ற பில் கணக்கும் வருகிறது. 30 நாள் மாதத்தில் 8640 அளவுகள், அவற்றில் மேலே உள்ள 432ஐத் தள்ளிவிட்டு அடுத்த எண்ணுக்குக் காசு. அதாவது 36 மணி நேர உச்சம் கணக்கிலேயே வராது. பில் போட இது சரி. திட்டமிட இதை எடுத்துக்கொள்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. தினமும் ஒரு மணி நேரம் இணைப்பு திணறினாலும் மாதத்துக்கு 30 மணி நேரம்தான். இந்த எண் வாயே திறக்காது.

சரி, சராசரிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைக் கணிதத்தால் பிடிக்க முடியுமா? தொலைபேசி உலகத்தில் முடிந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த எர்லாங் 1909இலேயே, அழைப்புகள் வரும் விதம் பாய்சான் பரவலுக்கு (ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வருபவற்றின் கணக்கு) ஒத்துப்போவதைக் காட்டினார். அந்தக் கணக்கை வைத்தே பல தலைமுறை எக்ஸ்சேஞ்சுகள் கட்டப்பட்டன. இணையத் தரவு துண்டு துண்டாகப் போகும் பாக்கெட்டுக்கும் அதையே போடலாம் என்ற நினைப்பை உடைத்தது பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் 1989 முதல் 1992 வரை எடுத்த ஈதர்நெட் பதிவுகள். லேலண்ட், தக்கூ, வில்லிங்கர், வில்சன் நால்வரும் 1993இல் வெளியிட்ட கட்டுரை, டிராஃபிக் தன்னொப்புமை கொண்டது என்றது: மில்லி விநாடி அளவில் பார்த்தாலும், விநாடி அளவில் பார்த்தாலும், நிமிட அளவில் பார்த்தாலும் அதே மேடு பள்ளம்.

இது எவ்வளவு பெரிய அடி என்பதை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். பாய்சான் என்றால், நூறு அடுத்தடுத்த அளவுகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது திட்டவிலக்கம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஹர்ஸ்ட் எண் (தன்னொப்புமையின் அளவுகோல், ஒன்றை நெருங்க நெருங்க மேடு பள்ளம் கரையாது) 0.8 உள்ள டிராஃபிக்கில் அதே சராசரி எடுத்தால் திட்டவிலக்கம் சுமார் 40 சதவீதத்துக்குத்தான் இறங்கும். கொஞ்ச நேரம் பொறுத்தால் எல்லாம் சமனாகிவிடும் என்று பஃபரின் (பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கும் இடம்) அளவை முடிவு செய்தவர்களுக்கு இது நல்ல செய்தி இல்லை.

நான் அன்றாடம் அதிகம் பயன்படுத்துவது பாக்ஸனும் ஃபிளாய்டும் 1995இல் எழுதியதைத்தான். மனிதர் ஒருவர் தொடங்கும் அமர்வுகள், ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தால், பாய்சானுக்கு நன்றாகவே பொருந்தும். அந்த அமர்வுக்குள் போகும் பாக்கெட்டுகள் பொருந்தாது. ஆகவே எர்லாங்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, எந்த மட்டத்தில் வைப்பது என்பதுதான் விஷயம். ஏன் இப்படி என்பதற்கான காரணமும் பிற்பாடு கிடைத்தது: வலையில் போகும் கோப்புகளின் அளவுக்குக் கனத்த வால் உண்டு என்று குரோவெல்லாவும் பெஸ்டாவ்ரோஸும் காட்டினார்கள். பெரும்பாலானவை சிறியவை, ஆனால் மொத்தப் பைட்டில் பெரும்பங்கு ஒரு சில ராட்சதக் கோப்புகளுக்கு.

ஹர்ஸ்ட் எண்ணை நாமே கணக்கிடுவது மட்டும் எரிச்சலான வேலை. ஒரே தரவை மூன்று முறைகளில் போட்டால் மூன்று விடை வரும். பகல் இரவு ஏற்ற இறக்கத்தை நீக்காமல் போட்டால் பழைய முறைகள் தாராளமாக ஒன்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அலைச்சிறு பகுப்பு (வேவ்லெட்) முறை இந்த ஏற்ற இறக்கத்துக்குக் குறைவாக ஏமாறுகிறது, நான் அதையே வைத்துக்கொண்டேன். இருந்தும் அந்த எண்ணைப் பார்த்து எந்த இணைப்பையும் நான் வாங்கியதில்லை. லட்சக்கணக்கான பயனாளர்கள் ஒன்றுசேரும் முதுகெலும்பு இணைப்பில், சராசரிக்கு மேல் சில திட்டவிலக்கம் என்ற எளிய விதியே போதுமாக இருக்கிறது. சிறிய கிளை இணைப்பில்தான் தன்னொப்புமை கடிக்கும். அங்கே ஒரு விநாடிக்கு ஒருமுறை கவுன்ட்டரைப் படிப்பது எந்தச் சூத்திரத்தையும்விட மேல்.

பாக்கெட்டுகளை மாதிரி எடுக்கும் எஸ்ஃப்ளோ பற்றிச் சுருக்கமாக: என் பட்டியலில் மிக நேர்மையான கருவி இதுதான். ஒரு வகை டிராஃபிக்கில் எத்தனை மாதிரி கிடைத்ததோ அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 196ஐ வகுத்தால் பிழை சதவீதம், 95 சதவீத நம்பிக்கையோடு. 100 மாதிரிக்குச் சுமார் 20 சதவீதப் பிழை, 10,000 மாதிரிக்கு 2 சதவீதம். யார் அதிகம் அனுப்புகிறார் என்று கேட்க அருமையானது. ஆயிரத்தில் ஒன்று எடுக்கும்போது பத்து பாக்கெட்டோடு முடிந்துபோகும் சின்ன இணைப்பு கண்ணில் படும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். ஊடுருவலைத் தேட இதை நம்பக் கூடாது.

டிரேஸ்ரூட்டுக்கு வருவோம். வான் ஜேக்கப்சன் 1980களின் இறுதியில் எழுதிய இந்தக் கருவி, பாக்கெட் எந்த ரவுட்டர்கள் வழியாகப் போகிறது என்று காட்டும். அது ஒரு தந்திரத்தில் நிற்கிறது: பாக்கெட்டின் ஆயுளை (எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற எண்) ஒவ்வொன்றாகக் கூட்டி அனுப்பினால், வழியில் இருக்கும் ரவுட்டர்கள் ஒவ்வொன்றாகப் புகார்க் கடிதம் அனுப்பும், அதில் முகவரி தெரியும். புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம், நடு ரவுட்டரில் மட்டும் தாமதம் அதிகமாகத் தெரிவது. புகார்க் கடிதம் எழுதுவது ரவுட்டருக்குக் கடைசி முன்னுரிமை. கடைசி இடம் வரை அந்தத் தாமதம் தொடராவிட்டால் அதை விட்டுவிடலாம். திரும்பி வரும் பாதை வேறாக இருக்கலாம் என்பதையும் இந்தக் கருவி சொல்லாது. சுமையைப் பல பாதைகளில் பிரிக்கும் ரவுட்டர்கள் இருந்தால், வெவ்வேறு பாதைகளின் துண்டுகளை ஒட்டவைத்து, இல்லாத ஒரு பாதையைக் காட்டும். 2006இல் வந்த பாரிஸ் டிரேஸ்ரூட், ரவுட்டர்கள் பாதையைப் பிரிக்கப் பார்க்கும் தலைப்புப் புலங்களை மாற்றாமல் அனுப்பி இதைச் சரிசெய்தது. அது இருக்கும்போது பழையதை ஏன் இன்னும் தட்டுகிறோம் என்றால், விரல் பழக்கம்தான்.

இந்தக் குறைகளெல்லாம் வலையின் அமைப்பைப் பற்றிய பெரிய கோட்பாடுகளுக்குள்ளும் புகுந்தன. ஃபலூட்சோஸ் சகோதரர்கள் மூவரும் 1999இல், இணையக் கணுக்களின் இணைப்பு எண்ணிக்கை அடுக்கு விதியைப் பின்பற்றுகிறது என்றார்கள், அதாவது பெரும்பாலானவற்றுக்குச் சில இணைப்புகள், ஒரு சிலவற்றுக்கு மட்டும் ஏராளம். அடுத்த வருடமே, சில மையக் கணுக்களைத் தாக்கினால் இணையம் சிதறிவிடும் என்ற முடிவு பிரபலமானது. 2003இல் லக்கினாவும் கூட்டாளிகளும் சிக்கலைக் காட்டினார்கள்: சில இடங்களில் இருந்து மட்டும் டிரேஸ்ரூட் ஓட்டினால், முழுக்கத் தற்செயலாகக் கோத்த வலைகூட அடுக்கு விதி உள்ளதுபோலத் தெரியும். பொறியியல் பக்கமிருந்து 2005இல் டாயிலும் மற்றவர்களும் வந்தார்கள். ஒரு ரவுட்டர் கையாளும் மொத்த வேகத்துக்கு வரம்பு உண்டு. ஆகவே நிறைய இணைப்புள்ள பெட்டி விளிம்பில்தான் இருக்கும், நடுவில் குறைவான, வேகமான இணைப்புகள். ரவுட்டர் அறைக்குள் போயிருப்பவருக்கு இது புதிதில்லை, ஆனால் யாராவது கணக்கில் எழுத வேண்டியிருந்தது. 2012இல் ஐரோப்பாவில் நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று நேரடியாக இணையும் பெரிய பரிமாற்ற மையம் ஒன்றுக்குள் இருந்து பார்த்த ஆய்வில் 50,000க்கு மேற்பட்ட நேரடி இணைப்புகள் வெளிப்பட்டன. பொது பிஜிபி (நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழிகளை அறிவிக்கும் நெறிமுறை) தரவில் அவற்றில் பெரும்பாலானவை தெரியவே இல்லை. அதன்பிறகு இணைப்பு எண்ணிக்கை வரைபடங்களை நான் அலங்காரமாகத்தான் பார்க்கிறேன். ஒரு நிறுவனத்தின் எடையை அறிய, அதன் வாடிக்கையாளர்களும் அவர்களின் வாடிக்கையாளர்களும் சேர்ந்து எவ்வளவு என்று பார்க்கும், இணைய அளவீட்டு ஆய்வு அமைப்பான கெய்டாவின் தரவரிசை பயன்படுகிறது.

கடைசியாக ரைப் அட்லஸ் என்ற உலகளாவிய அளவீட்டு வலை. 2010இல் தொடங்கியது. ஒரு சின்னப் பெட்டியை உங்கள் நெட்வொர்க்கில் செருகி வைத்தால் கிரெடிட் சேரும். அதைச் செலவழித்து உலகெங்கும் இருக்கும் ஆயிரக்கணக்கான பெட்டிகளில் இருந்து பிங், டிரேஸ்ரூட், டிஎன்எஸ் சோதனைகள் ஓட்டலாம். வேகச் சோதனை கிடையாது, எதிர்பார்க்க வேண்டாம். பெட்டிகள் ஐரோப்பாவில் குவிந்திருக்கின்றன, வைத்திருப்பவர்களில் பலர் நெட்வொர்க் ஆசாமிகள். உலகச் சராசரி என்று இதிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். நான் பயன்படுத்துவது ஒரு இணைய முகவரி எந்த ஊரில் இருக்கிறது என்று சரிபார்க்க. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும், அதாவது போய்வர 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லி விநாடி. ஒரு பெட்டியில் இருந்து 4 மில்லி விநாடியில் பதில் வந்தால், சர்வர் 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க முடியாது. இருப்பிடத் தரவுத்தளம் வேறு கண்டத்தைக் காட்டினால் அந்த வரியை அடித்துவிடலாம். குறைந்தபட்சத் தாமதத்தை மட்டும் எடுங்கள், சராசரியை எடுக்காதீர்கள். வரிசையில் நின்ற நேரமெல்லாம் சராசரிக்குள் சேர்ந்துவிடும். எனக்குச் சேரும் கிரெடிட்டில் பெரும்பகுதி இந்த ஒரு வேலைக்கே போகிறது.