காட்டுப் பறவைகளைப் படிக்க ஆடியோமாத் ரெகார்டர்: வாங்கலாமா, எதுக்கு வாங்கலாம்?

மரம் வெட்டின காடு, தீ புகுந்த காடு, துண்டு துண்டா போன காடு, இங்கெல்லாம் பறவைங்க என்ன ஆகுதுன்னு பாக்கறதுக்கு ஆடியோமாத் வாங்கலாமான்னு அடிக்கடி கேள்வி வருது. வாங்கலாம். ஆனா இந்த மெஷின் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதுக்கு சொல்லாதுன்னு தெரிஞ்சு வாங்குங்க, ஏன்னா அதுக்குத் தெரியாத கேள்வியக் கேட்டாலும் அசராம ஒரு நம்பரை நீட்டிடும், அதை நம்பி ரிப்போர்ட் எழுதினா அவ்ளோதான்.

முதல்ல பொருளப் பத்தி. ஓப்பன் அக்கூஸ்டிக் டிவைசஸ்னு ஒரு டீம் பண்ணினது, ஹார்டுவேர் சாஃப்ட்வேர் ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ். கிட்டத்தட்ட ஏடிஎம் கார்டு சைஸ் போர்டு, பின்னாடி 3 ஏஏ பேட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு, ஒரு குட்டி ஸ்விட்ச், சிவப்பு பச்சை ரெண்டு லைட், அவ்ளோதான். ஸ்க்ரீன் கிடையாது, ஜிபிஎஸ்ஸும் போர்டுலயே வராது. சாம்பிள் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தனை ஆயிரம் தடவை சத்தத்தை அளக்குதுங்கற கணக்கு, 384 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் வெக்கலாம், அது வௌவாலுக்கு. பறவைக்கு 48 போதும், இடம் பத்தலன்னா 32 வெச்சாலும் பெரும்பாலான இனத்துக்கு ஓடும். 48ல வெச்சா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 345 எம்பி, நாள் முழுக்க விட்டா 8 ஜிபிக்கு மேல போகும், அதனால 24 மணி நேரமும் ஓட விடலாம்னு ஆசைப்படறவங்க கார்டையும் பேட்டரியையும் கணக்குப் போட்டுட்டு ஆசைப்படுங்க.

என்னைக் கேட்டா நாள் முழுக்க ஓட விடவே தேவையில்ல. விடியறதுக்கு அரை மணி முன்னாடி ஆரம்பிச்சு காலைல ரெண்டு மூணு மணி நேரம், அதுலயும் தொடர்ச்சியா இல்லாம அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம்னு வெச்சா போதும். ஒரே இடத்துல ஒரு மணி நேரம் தொடர்ச்சியா கேட்டா அதே நாலு பறவை கத்திக்கிட்டே இருக்கும், அந்த நிமிஷங்களையே பல நாளுக்குப் பிரிச்சு வெச்சா புது இனம் சிக்கும். ராத்திரிக்கு ஆந்தை, பக்கி மாதிரி ராப்பறவைங்களுக்காக தனியா ஒரு ஷெட்யூல் போடலாம். இன்னொண்ணு, ஃபைல் பேர்ல வர்ற நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி. உள்ளூர் நேரம்னு நெனச்சு பாத்தா விடியற்காலப் பதிவு நடுராத்திரிப் பதிவு மாதிரி தெரியும், புதுசா வர்றவங்க எல்லாரும் இங்கதான் குழம்புவாங்க. பேட்டரியக் கழட்டி மாட்டினா கடிகாரத்தையும் திரும்ப செட் பண்ணணும், அதுக்கு லேப்டாப்பத் தூக்கிட்டுப் போக வேணாம், போன்ல சைம்னு ஒரு ஆப் இருக்கு, அது பீப் பீப்னு சத்தம் குடுத்தே நேரத்தை செட் பண்ணிடும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதான்.

மாட்டறதப் பத்தி கொஞ்சம். தடியான மரத்துல கட்டாதீங்க, அடிமரமே பின்பக்கத்து சத்தத்தை மறைச்சுடும், கை அளவு தண்டுல நெஞ்சு உயரத்துல கட்டுங்க. மைக் முன்னாடி இலை உரசற மாதிரி இருந்தா மொத்த காலையும் சரசரன்னுதான் கேக்கும். ஜிப்லாக் கவர்ல போட்டும் ஓட்டலாம், ஆனா மழைத்துளி கவர் மேல விழற சத்தம் பட்டாசு மாதிரி பதிவாகும், தனி கேஸ் வாங்கிடறது நல்லது. கேஸ் வாங்கினாலும் எறும்பு விடாது. மைக் ஓட்டைக்கு மேல இருக்கற மெல்லிசு சவ்வுல மண்ண அப்பி வெச்சிருக்கும், பதிவு எல்லாம் தலகாணிக்கு அடியில இருந்து கேக்கற மாதிரி வரும், சத்தத்தை சுருதி வாரியா படமாக் காட்டற ஸ்பெக்ட்ரோகிராம்ல பாத்தா 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வெறுமையா கெடக்கும். உயர் சுருதிப் பறவை எல்லாம் திடீர்னு காணாம போச்சுன்னா காட்டைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி மைக்கைத் தொடச்சுப் பாருங்க.

மெமரி கார்டு விஷயத்துல எனக்குக் கடுப்பான அனுபவம். ஆன்லைன்ல ஒரு கடையில வாங்கின கார்டுங்க மேல அச்சடிச்சிருந்த அளவுல கால்வாசி கூட இல்ல, போலி, அந்த அளவுக்கு மேல எழுதினது எல்லாம் வெறும் குப்பை, கம்ப்ளெயின்ட் குடுத்தா ரிட்டர்ன் டைம் முடிஞ்சிடுச்சுன்னு பதில் வந்துச்சு. இப்போ எந்தக் கார்டு வந்தாலும் முழுசா நிரப்பித் திரும்பப் படிச்சுப் பாக்காம காட்டுக்கு அனுப்பறதில்ல.

சரி, இப்போ முக்கியமான பகுதி. பதிவை எடுத்துட்டு வந்தா அதை யார் கேக்கறது? அங்கதான் குரலை வெச்சுப் பறவையைக் கண்டுபிடிக்கற பேர்ட்நெட் சாஃப்ட்வேர் வருது, அமெரிக்காவோட கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியோட கெம்னிட்ஸ் பல்கலையும் சேர்ந்து பண்ணினது, இலவசம், 6000 இனத்துக்கு மேல தெரியும். பதிவை 3 செகண்ட் துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இன்ன பறவைன்னு சொல்லி 0ல இருந்து 1க்குள்ள ஒரு ஸ்கோர் குடுக்கும். 0.8ன்னா 80 சதவீதம் சரின்னு நிறைய பேர் நெனச்சுக்கறாங்க, அப்படி இல்ல. ஒரு பறவைக்கு 0.4லயே எல்லாம் சரியா இருக்கும், இன்னொண்ணுக்கு 0.9லயும் தவளையைப் பிடிச்சு வெச்சிருக்கும். அதனால இனத்துக்கு இனம் தனியா, பல ஸ்கோர்ல இருந்தும் கொஞ்சம் கிளிப்பை எடுத்து காதால கேட்டு, எந்த ஸ்கோருக்குக் கீழ இருக்கறதத் தள்ளிடறதுன்னு நீங்களே முடிவு பண்ணணும். போரடிக்கற வேலைதான், வேற வழியில்ல. மாடலுக்குப் பயிற்சி குடுத்த பதிவு நிறைய இருக்கற பறவைய நல்லா கண்டுபிடிக்கும், வெப்பமண்டலக் காட்டோட அபூர்வப் பறவைங்களுக்குப் பதிவே கொஞ்சம், அங்க தடுமாறும். நமக்கு வேண்டியதே அந்தப் பறவைங்கதான்.

இதுக்கு நடுவுல துடுப்புவால் கரிச்சான்னு ஒருத்தர் இருக்காரு. மத்த பறவைங்க குரலை அப்படியே எடுத்து விடுவாரு, பல இனம் சேர்ந்து திரியற கூட்டத்துல முக்கியமான ஆளு. அவரு ஒரு ரவுண்டு கத்தினா சாஃப்ட்வேர் நாலு இனத்தை லிஸ்ட்ல சேத்துடும். சில்வண்டு இன்னொரு தொல்லை, சாயங்காலம் ஆரம்பிச்சா நடு அலைவரிசை மொத்தமும் அதுங்க கைல, அந்த நேரத்துல புறா, ஆந்தை மாதிரி கீழ் சுருதிக்காரங்கதான் தப்பிச்சு கேக்கும்.

சீரழிஞ்ச காட்டையும் நல்ல காட்டையும் ஒப்பிடறப்போ தான் மெஷின் உண்மையிலயே கால வாரும். மரங்களோட உச்சிக் கூரை திறந்து போன இடத்துல சத்தம் ரொம்ப தூரத்துல இருந்து வந்து விழும், கொடியும் புதரும் மண்டின இடத்துல உயர் சுருதி கொஞ்ச தூரத்துலயே அமுங்கிடும். ரெண்டு இடத்துலயும் அதே ரெகார்டர், அதே செட்டிங், ஆனா கேக்கற வட்டம் வேற வேற. இதைச் சரி பண்ணாம இனத்தை எண்ணினா வெட்டின காடு நல்ல காட்டை விட செழிப்பா இருக்குன்னு கூட முடிவு வரும். ஒரு ஸ்பீக்கர்ல ஒரே வால்யூம்ல 25, 50, 100 மீட்டர்ல வெச்சு ஒலி ஓட்டி எவ்ளோ தூரம் பிடிக்குதுன்னு ஒவ்வொரு இடத்துலயும் பாத்துடுங்க, அரை நாள் வேலை, ஆனா அது இல்லாம மிச்ச எல்லாமே சந்தேகம்தான்.

அப்புறம் இன எண்ணிக்கையே ஒரு ஏமாத்து வேலை. போர்னியோ தீவுல மலேசியாவோட சபா பகுதியில ரெண்டு தடவை மரம் வெட்டின காட்டுலயும் வெட்டாத காட்டோட பறவை, சாணி வண்டு இனங்கள்ல 75 சதவீதத்துக்கு மேல இருந்துச்சுன்னு 2011ல வந்த ஆய்வு சொல்லுது. அந்தக் காட்டைப் பாமாயில் தோட்டமாக்காம காப்பாத்த நல்ல வாதம் அது. ஆனா யாரு மிச்சம் இருக்காங்கன்னும் பாக்கணும். பொதுவா எங்க வேணா பிழைக்கற சின்னான் வகையறா கூடும், நிழல்ல தரையை ஒட்டிப் பூச்சி தின்னு வாழற கூட்டம் குறையும், பெரிய மரப்பொந்து இல்லாம இருவாச்சிக்குக் கூடு கிடைக்காது. மொத்த நம்பர் அப்படியே நிக்கும், ஆள் மாறியிருக்கும். ஒலிக் குறியீடுன்னு மொத்த சத்தத்தையும் ஒரே எண்ணா மாத்தித் தர்ற சாஃப்ட்வேர் இந்த வித்தியாசத்தை அப்படியே விழுங்கிடும், என் அபிப்பிராயத்துல அதைத் தனியா வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.

மிஸ்ட் நெட்டோட, அதாவது பறவை கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு வலையில பிடிச்சுப் பாக்கற முறையோட ஒப்பிட்டா? பிரேசில்ல அமேசான் காட்டுல மனாவ்ஸ் நகரத்துப் பக்கத்துல 1979ல ஆரம்பிச்ச காட்டுத்துண்டு ஆய்வைப் பாருங்க, 1, 10, 100 ஹெக்டேர்னு துண்டுகளைத் தனிச்சு விட்டு, பறவைங்கள வலையில பிடிச்சு, கால்ல அடையாள வளையம் போட்டு விட்டாங்க. 100 ஹெக்டேர் துண்டுலயே 15 வருஷத்துக்குள்ள கீழடுக்குப் பறவை இனங்கள்ல பாதி போயிடும்னு 2003ல கணக்கு வந்துச்சு. படை எறும்பு பின்னாடியே போய் அதுங்க கிளப்பி விடற பூச்சியத் தின்னு வாழற எறும்புப் பறவைங்க சின்னத் துண்டுகள்ல இருந்து சீக்கிரமே காணாம போச்சு, ஏன்னா ஒரு எறும்புப் படைக்கே அந்த இடம் பத்தாது. அதே பகுதியில வெட்டாத காட்டுல நாப்பது வருஷமா பிடிச்சு எடை போட்டதுலதான் 77 இனத்துலயும் 1980கள் தொடக்கத்தை விட சராசரி எடை குறைஞ்சிருக்குன்னு 2021ல தெரிஞ்சுது. எந்த ரெகார்டராலயும் இதைச் சொல்ல முடியாது, பறவை கைல இருந்தாத்தான் எடை. வயசு, குஞ்சு பொரிக்குதா, போன வருஷம் வந்த அதே ஆளான்னு எதுவும் குரல்ல வராது. இன்னும் மோசம், ஜோடி கிடைக்காத ஆண் பறவை பல இனத்துல ஜோடி இருக்கறத விட ஜாஸ்தி பாடும். பெண்ணே இல்லாத துண்டுக் காட்டுல ஒத்தை ஆண் காலைல இருந்து பாடிக்கிட்டே இருக்கும், உங்க எக்செல் ஷீட்ல அந்த இடம் சூப்பரா தெரியும்.

வலைக்கும் குறை உண்டு, சும்மா சொல்லக் கூடாது. தரையில இருந்து ரெண்டரை மூணு மீட்டர் உயரத்துக்குள்ள பறக்கறதுதான் மாட்டும், உச்சியில இருக்கற குக்குறுவானும் கிளியும் கண்டுக்காது, பயிற்சியும் அனுமதியும் வேணும், சரியாப் பாக்கலன்னா பறவை சாகும். ரெகார்டரை யாரும் எந்தப் பறவையையும் தொடாம ஒரே காலைல இருபது இடத்துல ஓட்டலாம், சந்தேகம் வந்தா அஞ்சு வருஷம் கழிச்சும் திரும்பக் கேட்டுப் பாக்கலாம். கூடவே ரம்பச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் பதிவாகறதால காடு எப்போ யார் கையில சீரழியுதுன்னும் தெரியும், ஆனா மனுஷங்க பேச்சும் பதிவாகும், அந்தப் பாதையில நடக்கறவங்க கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

எந்த இனம் எங்க இருக்கு, எங்க இல்லாம போச்சுங்கற கேள்விக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். எத்தனை இருக்கு, நல்லா இருக்குதாங்கற கேள்விக்கு ஒண்ணரைதான், அதுக்கு வலையோ, கூடு தேடறதோ, நேர்ல நின்னு எண்ணறதோ பக்கத்துல வேணும். வாங்கறவங்க எல்லாத்தையும் வெட்டின காட்டுலயே மாட்டிடாதீங்க, பாதியையாவது வெட்டாத காட்டுல, அதே உயரத்துல, அதே வாரத்துல மாட்டுங்க, இல்லன்னா எதோட ஒப்பிடுவீங்க?