'ஓப்பன் பாக்ஸ் ஐ7' என்று தலையில் கட்டப்படும் பழைய ஆபீஸ் லேப்டாப்: காலேஜ் சேரும் பிள்ளைக்கு வாங்குவோர் கவனத்துக்கு

கலந்தாய்வு முடிந்து சீட் உறுதியானதும் பெற்றோர் லேப்டாப் கடைகளுக்குப் படையெடுப்பார்கள். அந்த நேரத்தை நம்பியே நடக்கும் ஒரு மோசடியைப் பற்றிய பதிவு இது.

பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரும் மகளுக்காக ஒரு குடும்பம் 34,000 ரூபாய்க்கு வாங்கிய லேப்டாப், சில வாரங்களிலேயே சர்வீஸுக்கு வந்தது. விற்கும்போது கடையில் சொன்னது: "ஐ7, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. ஓப்பன் பாக்ஸ் பீஸ் சார், டிஸ்ப்ளேக்காகப் பெட்டியைப் பிரிச்சோம், அவ்வளவுதான். ஒரு வருஷம் வாரண்டி." இதில் ஐ7, 16, 512 மூன்றும் உண்மை. ஓப்பன் பாக்ஸ் கதை பொய், வாரண்டியும் அரைகுறைதான். ஏதோ ஒரு நிறுவனத்தில் பல வருடம் ஓடி, லீஸ் முடிந்து, மொத்தமாகக் கழித்துக்கட்டப்பட்ட மெஷின் அது. மேல்மூடிக்குப் புதிதாக பெயின்ட் அடித்து, கீபோர்டை மாற்றி, வேறொரு பெட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏமாற்றின் உயிர்நாடி அந்த 'ஐ7' என்ற சொல்தான். உள்ளே இருந்தது இன்டெல் ஐ7-6600யு. இது 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை சிப். இரண்டே கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் மூளை), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). 2022-இல் வந்த ஐ3-1215யு-வில் ஆறு கோர், எட்டு த்ரெட். அதாவது பெயரில் சின்னதாகத் தெரியும் ஐ3 இந்த ஐ7-ஐ எளிதாக முந்திவிடும். ஐ7 என்றால் அந்த வருடத்து வரிசையில் அது மேல்படி என்று மட்டுமே அர்த்தம். எந்த வருடம் என்பதைச் சொல்வது கோட்டுக்குப் பின்னால் வரும் எண். அந்த எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை: 1135 பதினொன்று, 13420 பதின்மூன்று. இரண்டு முதல் ஒன்பது வரை எதில் தொடங்கினாலும் முதல் இலக்கம் மட்டும்: 6600 ஆறு, 8250 எட்டு. விளம்பரத்திலோ பில்லிலோ முழு எண்ணைப் போடாமல் வெறும் 'ஐ5', 'ஐ7' என்று எழுதியிருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள்.

தலைமுறை ஏன் இவ்வளவு முக்கியம்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக அனுமதிப்பது, ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். இந்த மெஷினில், சிப் தகுதியானதா என்று விண்டோஸ் பார்க்கும் சோதனையைத் தாண்டிப் போகும்படி செய்த பென்டிரைவ் மூலம் 11-ஐ ஏற்றியிருந்தார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் ஓடும். ஆனால் வருடாந்திரப் பெரிய அப்டேட் தானாக வராது, நான்கு வருடப் படிப்புக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

இதைவிட மோசமானது லைசென்ஸ். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தினால் வரும் ரன் பெட்டியில் 'எஸ்எல்எம்ஜிஆர்', ஒரு இடைவெளி, '/டிஎல்ஐ' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு சின்ன ஜன்னல் வரும். விண்டோஸோடு வரும் புது லேப்டாப்பில் அதில் 'ஓஇஎம்-டிஎம்' சேனல் (தயாரித்த கம்பெனியே போட்ட லைசென்ஸ்) என்று இருக்கும். இதில் இருந்தது 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்'. அது பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வரை வைத்து ஆக்டிவேட் செய்யும் முறை. வீட்டு லேப்டாப்பில் அப்படி இருந்தால் கிராக் (லைசென்ஸ் இல்லாமல் ஆக்டிவேட் செய்யும் திருட்டுக் கருவி) போட்டிருக்கிறார்கள் என்றே கொள்ளலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்தால், வைரஸ் சோதனையிலிருந்து விலக்கி வைத்த ஒரு ஃபோல்டர் இருந்தது. கிராக் கருவியை விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அழித்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அதே கதவு வழியாக வேறு எது வந்தாலும் தடுக்க ஆளில்லை. கல்லூரிக் கட்டணம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு மாணவி அந்த மெஷினில்தான் திறக்கப்போகிறாள். இதை அற்பமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பேட்டரி அடுத்தது. கட்டளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் ப்ராம்ப்டில் 'பவர்சிஎஃப்ஜி', இடைவெளி, '/பேட்டரிரிப்போர்ட்' என்று அடித்தால் ஒரு ஃபைல் உருவாகும். அது எங்கே இருக்கிறது என்று அங்கேயே காட்டும், பிரவுசரில் திறக்கலாம். இதில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) 55,000 மில்லிவாட்-மணி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போதுள்ள கொள்ளளவு) 21,000-ஐ ஒட்டி. பாதிக்கும் குறைவு. காலை வகுப்பு ஒன்றைக்கூடத் தாண்டாது. உண்மையிலேயே புதிய லேப்டாப்பில் இந்த இரண்டு எண்ணும் ஏறக்குறைய சமமாக இருக்கும். சைக்கிள் கவுன்ட் (எத்தனை முறை முழுதாக சார்ஜ் ஆகித் தீர்ந்தது என்ற எண்ணிக்கை) ஒற்றை இலக்கத்தில் இருக்கும். சில மாடல்களில் அந்த இடத்தில் கோடு மட்டும் இருக்கும், அதில் தவறில்லை.

சீரியல் நம்பரை மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள்: பெட்டியின் லேபிள், லேப்டாப்பின் அடிப்பக்கம், பயாஸ் திரை (விண்டோஸ் ஏறும் முன்பே திறக்கும் அமைப்புத் திரை). ஆன் செய்தவுடன் பெரும்பாலான மாடல்களில் எஃப்2, ஹெச்பி-யில் எஃப்10 அழுத்தினால் பயாஸ் வரும். மூன்றும் ஒன்றாக இருந்தால் அந்த நம்பரைத் தயாரித்த கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வாரண்டி ஓரிரு மாதம் முன்பே தொடங்கியதாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய தேதியாக இருக்கலாம், பில்லைக் காட்டினால் பல கம்பெனிகள் திருத்திக் கொடுக்கின்றன. வருடக்கணக்கில் முன்பே முடிந்துபோயிருந்தால் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். 'ஒரு வருஷம் வாரண்டி' என்பது கம்பெனி வாரண்டியா, கடை வாரண்டியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது கடை வாரண்டி. அதிலும் பேட்டரி, சார்ஜர், டிஸ்ப்ளே சேராது என்று பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது.

கைக்கும் கண்ணுக்கும் தெரியும் தடயங்களும் உண்டு. அடிப்பக்க ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருக்கும். யுஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்தால் உள்ளே கீறல் தெரியும். பெயின்ட் அடித்த மூடியில் லோகோவின் ஓரம் கூர்மையாக இருக்காது, நகத்தால் தடவினால் மேடு தட்டுப்படும்.

பழைய ஆபீஸ் லேப்டாப்பே வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. பட்ஜெட் குறைவென்றால், எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் உள்ள பிசினஸ் மாடலை ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்பது) என்று தெரிந்தே, அதற்குரிய விலைக்கு வாங்குவது நல்ல முடிவுதான். அப்போது ஒரு சோதனையை விடவே கூடாது: கடையிலேயே முழுதாக ரீசெட் செய்யச் சொல்லி, மீண்டும் செட்டப் வரும்போது வைஃபையில் இணையுங்கள். ஏதாவது நிறுவனத்தின் பெயர் வந்து அலுவலக லாகின் கேட்டால், அது இன்னும் அந்த நிறுவனத்தின் பதிவில் இருக்கிறது. அவர்கள் நீக்காமல் அந்தத் தொல்லை தீராது. பயாஸ் பாஸ்வேர்டு கேட்டாலும் வேண்டாம். ரீசெட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். உட்கார்ந்து முடித்துவிட்டே பணம் கொடுங்கள்.

புது லேப்டாப்பிலும் எண் விளையாட்டு உண்டு. ஏஎம்டி ரைசன் 5 7520யு பெயரில் ஏழாயிரம் வரிசை, உள்ளே பழைய ஜென் 2 வடிவமைப்பு. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 7530யு என்றால் ஜென் 3. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ஃபார்ம் ஃபேக்டர் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ரேம் போர்டிலேயே ஒட்டியது. அப்படிப்பட்ட 8 ஜிபி மெஷினை கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வாங்காதீர்கள்; ஆண்ட்ராய்டு எமுலேட்டர் (கம்ப்யூட்டருக்குள் போனைப் போல ஓடும் மென்பொருள்) ஓடும் நாளில் திணறும்.

இனி பில். இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட சீட்டு, 'லேப்டாப் - 1' என்று ஒரே வரி. மாடல், சிப் எண், சீரியல் நம்பர், புதிதா ரீஃபர்பிஷ்டா என்ற விவரம், 15 எழுத்து ஜிஎஸ்டி எண் எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். "பில் வேண்டாம்னா வரி மிச்சம்" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். பணத்தைக் கார்டிலோ யுபிஐ-யிலோ கொடுங்கள்.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் ஸ்பீட் போஸ்ட்டும் இரண்டும் இருக்கட்டும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை லேப்டாப்பை ஃபார்மேட் செய்யாதீர்கள், பேட்டரியை மாற்றாதீர்கள், கடைக்காரர் "கொடுங்க, சரி பண்ணித் தரேன்" என்று கேட்டாலும் உடனே கொடுத்துவிடாதீர்கள். பேட்டரி ரிப்போர்ட், ஆக்டிவேஷன் ஜன்னல், எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல், பயாஸ் சீரியல், வாரண்டி பக்கம் ஐந்தையும் தேதியோடு படம் எடுத்து, கடையின் விளம்பர ஸ்க்ரீன்ஷாட்டோடு சேர்த்து வேறொரு இடத்தில் வையுங்கள்.