கண்டில ரெண்டு நாள்: எதைப் பாக்கலாம், எதை விடலாம்

கண்டிக்கு ரெண்டு நாள் ஒதுக்கியிருக்கோம்னு யார்கிட்ட சொன்னாலும் ஒரே லிஸ்ட்டைத்தான் கையில குடுப்பாங்க. புத்தரோட பல்லை வச்சிருக்குற கோயிலான தலதா மாளிகை, பேராதனை கார்டன், பின்னவல யானைங்க, சாயங்காலம் டான்ஸ் ஷோ, மலை மேல வெள்ளை புத்தர், போற வழியில ஒரு மசாலா தோட்டம். நான், அம்மா, அக்கா பொண்ணு மூணு பேரும் அந்த லிஸ்ட்டோடதான் கிளம்பினோம். அங்க போய் பாதியை மாத்திட்டோம், மாத்தினது நல்லதாப் போச்சுன்னு அம்மா இப்பவும் சொல்றாங்க, அதனால எதுக்கு பதிலா எதுன்னு எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எனக்கு ஊரு வேலூர். கோட்டைக்குள்ள கண்டி மகால்னு ஒரு கட்டடம் இருக்கு, பாலாத்தங்கரையில முத்து மண்டபம் இருக்கு, கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனோட சமாதி அங்கதான். கண்ணுசாமிங்கறது அவரு சொந்தப் பேரு, மதுரை நாயக்கர் வழி வந்தவரு. 1815ல வெள்ளைக்காரங்க பிடிச்சு, அடுத்த வருஷம் கப்பல்ல ஏத்தி இந்தப் பக்கம் கொண்டுவந்து, 1832ல வேலூர்லயே இறந்துட்டாரு. அதனால எனக்கு கண்டின்னா அந்த மனுஷன் விட்டுட்டு வந்த ஊரு. நீங்க வேற காரணத்துக்காகப் போறீங்கன்னா என் கணக்கு உங்களுக்குக் கொஞ்சம் மாறலாம்.

ஏரியில ஆரம்பிக்கலாம். பாக்க காலங்காலமா இருக்குற ஏரி மாதிரி தெரியும், ஆனா அது வயலா கிடந்த இடம், 1807ல இதே ராஜாதான் அணை கட்டி ஏரியாக்குனாரு. ஜனங்களைக் கட்டாய வேலை வாங்கித்தான் கட்டுனாரு, பிரதானிகளுக்கு அவர் மேல வெறுப்பு வளந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். இப்ப கேள்வி என்னன்னா ஏரியைச் சுத்தி நடக்குறதா, மேல ஏறி வியூபாயிண்ட்லேருந்து பாக்குறதா. முழுசா சுத்தணும்னா மூணு கிலோமீட்டருக்கு மேல வரும். மாளிகைக்கு முன்னாடி ரோட்ல வண்டி விடறதில்ல, அந்தப் பக்கம் நடக்க நிம்மதியா இருக்கும், மேகம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு சுவர் ஓடும் பாருங்க, அதையும் அந்த ராஜா முடிக்கறதுக்குள்ள எல்லாம் போயிடுச்சு. எதிர்க்கரையில வண்டி சத்தமும் புகையுமா இருக்கும், அம்மாவால அங்க நடக்க முடியல. அதனால பாதி ஏரியை நடந்துட்டு, ஒரு ஆட்டோ பிடிச்சு ராஜபிஹில்ல ரோட்டு மேல இருக்குற வியூபாயிண்ட்டுக்குப் போயிடுங்க. லிஸ்ட்ல இருந்த அந்த வெள்ளை புத்தர், பைரவகந்த சிலைக்கும் ஏறலாம், 88 அடி உசரம், ஆனா அங்க டிக்கெட் உண்டு, இங்க காசு கிடையாது. ரெண்டுல ஒண்ணு போதும், எனக்கு ஏரிக்கு மேலயே நிக்கிற இந்த இடம்தான். போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் கரையோரத்தை எல்லாம் பிடிச்சும் இந்த ஊரை ஏன் வச்சுக்க முடியலங்கறது அங்க நின்னு நாலாபக்கமும் மலையைப் பாத்தா புரிஞ்சுடும்.

அடுத்தது சாயங்காலம். டான்ஸ் ஷோவா, மாளிகை பூஜையா? ஏரிப் பக்கத்துல ஹால்ல அஞ்சு மணி வாக்குல ஷோ ஆரம்பிக்கும், ஒரு மணி நேரம், கடைசியில தீ மிதிக்கிறது வரைக்கும் இருக்கும். குழந்தைங்களுக்குப் பிடிக்கும், அக்கா பொண்ணு கண்ணு இமைக்காம பாத்தா. ஆனா ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா கண்ணை மூடிட்டு பூஜையை எடுத்துக்கோங்க. தினமும் மூணு வேளை, காலைல அஞ்சரை, ஒன்பதரை, சாயங்காலம் ஆறரை. கீழ் மண்டபத்துல தவுல, தம்மெட்டம, கூடவே ஹொரணேவன்னு நம்ம நாயனத்தைச் சின்னதாக்கின மாதிரி ஒரு ஊதுகுழல், மூணும் சேந்து ஒலிக்கிறப்போ அம்மா என் கையைப் பிடிச்சு "டேய் இது நம்ம கோயில் மேளம்டா"ன்னாங்க. தவுலன்னா தவில், தம்மெட்டமன்னா நம்ம தம்பட்டம், பேரைக் கேட்டாலே தெரியுதே.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, புத்தரோட பல்லை யாரும் பாக்கறதில்ல. ஏழு பேழை ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கு, பூஜை நேரத்துல கதவு திறப்பாங்க, வெளிப் பேழையை சில விநாடி பாத்துட்டு வரிசை நகந்துடும். அதுக்கு சாயங்காலத்தை விட விடியக்காலை அஞ்சரைதான் நல்லது, டூரிஸ்ட் குரூப் எல்லாம் அப்ப தூங்கிட்டு இருப்பாங்க, தாமரைப் பூவும் கையுமா வர்ற உள்ளூர் ஜனங்க நடுவுல நிக்கலாம். தோளும் முட்டியும் மறைக்கிற துணி போட்டுக்கோங்க, செருப்பு வெளியில. 1998ல குண்டு வெடிச்ச இடம், வாசல்ல சோதனை இருக்கும், பொறுமையா போங்க. ஏரியைப் பாத்த மாதிரி எட்டுப்பட்டையா நிக்குதே ஒரு மண்டபம், பத்திரிப்புவ, அதுவும் நம்ம ராஜா கட்டினதுதான். பக்கத்துலயே மரத்தூணோட இருக்குற சபா மண்டபத்துலதான் 1815 மார்ச் 2ம் தேதி ராஜ்யத்தை வெள்ளைக்காரனுக்கு எழுதிக் குடுத்தாங்க. அங்க ரொம்ப நேரம் நின்னேன்.

நிறைய பேரு மாளிகையைப் பாத்துட்டு அப்படியே திரும்பிடறாங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. ரோட்டைத் தாண்டினா நாத, விஷ்ணு, பத்தினி தெய்வங்களோட தேவாலயங்க, கொஞ்சம் தள்ளி கதிர்காம தேவாலயம். அங்க தேவாலயம்னா சர்ச் இல்ல, சாமி கோயில். பத்தினின்னா நம்ம கண்ணகி. கதிர்காமத்தான் நம்ம முருகன். அந்த ஊருக் காவல் தெய்வங்கள்ல கண்ணகி ஒருத்தி, சிங்கள அம்மாமாருங்க குழந்தையைத் தூக்கிட்டு வந்து அவ முன்னாடி கும்பிட்டு நிக்கிறாங்க. அதைப் பாக்குறப்போ எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு. அரை மணி நேரம் கூட ஆகாது.

பேராதனையா உடவத்தகலே காடா? யோசிக்கவே வேணாம், பேராதனை. 147 ஏக்கர், மூணு பக்கமும் மகாவலி கங்கை வளைஞ்சு ஓடுது, ராஜபனை வரிசை, ராட்சச மூங்கில், மரம் முழுக்க தலைகீழா தொங்குற பழந்தின்னி வவ்வால். உடவத்தகலே மாளிகைக்குப் பின்னாடியே இருக்கு, அமைதியா நடக்கணும்னா நல்ல இடம், ஆனா மழை பேஞ்சிருந்தா அட்டை ஏறும், வயசானவங்களுக்கு வேணாம்.

இப்ப முக்கியமான விஷயம், ரெண்டாவது நாள். பின்னவலயா, மூணு கோயிலா? பின்னவல கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர், தாயில்லாத யானைக் குட்டிங்களுக்காக 1975ல ஆரம்பிச்சது. மந்தையா ஆத்துல குளிக்கிறதைப் பாக்க குழந்தைங்களுக்கு ஆசையா இருக்கும், சரிதான், ஆனா போக வர அரை நாளுக்கு மேல போயிடும், கொழும்புலேருந்து கார்ல வர்றவங்க வழியிலயே நிறுத்திப் பாத்துக்கலாம், கண்டியிலேருந்து அதுக்குன்னு போறது எனக்கு சரியாப் படல. அந்த நேரத்துல ஒரு ஆட்டோவைப் பேசிக்கிட்டு கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க மூணையும் பாத்துடலாம், மூணும் பக்கத்துப் பக்கத்துல, வயலும் கிராமமுமா வழி. கடலாதெனிய 1344ல கட்டினது, கட்டின ஸ்தபதி பேரு கணேஸ்வராச்சாரி, தென்னிந்தியாவுலேருந்து போனவரு. கல்தூணைப் பாத்தா நம்ம ஊர் கோயில்தான், உள்ள போனா புத்தர். லங்காதிலக பாறை மேல நிக்குது, முன்பக்கம் புத்தர், பின்பக்கம் சுத்தி தெய்வங்களோட சந்நிதி, ஒரே கட்டடத்துல ரெண்டும். எம்பெக்க கதிர்காமத்தானுக்கு, அது முழுக்க மரவேலை. தூணுக்குத் தூண் மல்லர், அன்னம், ரெட்டைத்தலைக் கழுகு, தாய் பால் குடுக்குற உருவம்னு செதுக்கியிருக்காங்க, மண்டபத்து மேல அண்ணாந்து பாத்தா 26 கைமரத்தை ஒரே ஒரு மர ஆப்பு பிடிச்சு நிறுத்துது. அக்கா பொண்ணு கீழ படுத்து எண்ணிப் பாத்துட்டுத்தான் எழுந்தா. காலைலயே போயிடுங்க, வெயில் ஏறினா பாறை மேல வெறுங்கால் வைக்க முடியாது.

மசாலா தோட்டம், ரத்தினக் கல் கடை ரெண்டையும் ஒரேயடியா விட்டுடுங்க. எங்க டிரைவர் கேக்காமலே ஒரு தோட்டத்துல கொண்டு நிறுத்திட்டாரு, அம்மாவுக்கு முட்டி வலிக்குன்னு ஒரு எண்ணெய் பாட்டிலைத் தலையில கட்டினாங்க, வெளியில கடையில பட்டை கிராம்பு அதுல கால்வாசி விலை. வண்டி பேசும்போதே கடை எதுலயும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிடுங்க, தமிழ்லயே சொல்லலாம், கண்டியில தமிழ் பேசுறவங்க நிறைய பேரு இருக்காங்க.

எப்ப போறதுங்கறதுலயும் ரெண்டு கட்சி உண்டு. ஜூலை ஆகஸ்ட்ல எசல பெரஹரா, யானை மேல பேழை வச்சு ஊர்வலம், அதுக்குன்னே போறவங்க போகட்டும், ஆனா ரூம் வாடகை எகிறிடும், ரோட்டோரத்துல மணிக்கணக்கா உக்காரணும், அம்மா மாதிரி வயசுல இருக்கறவங்களுக்கு சாதாரண நாள்தான் சரி. பௌர்ணமியும் வேணாம், கூட்டம் தாங்காது. முடிஞ்சா ரெண்டுல ஒரு நாள் புதன்கிழமையா வர்ற மாதிரி பாத்துக்கோங்க. வாராவாரம் அன்னிக்கு மாளிகையில நானுமுற மங்கல்லயன்னு ஒரு அபிஷேகச் சடங்கு, வாசனையும் மூலிகையும் போட்ட அந்தத் தண்ணியை ஜனங்களுக்குக் குடுப்பாங்க. நாங்க போய் இறங்கினது வியாழக்கிழமை, பக்கத்து ரூம்ல இருந்த பாட்டி சொல்லித்தான் விஷயமே தெரிஞ்சது, அம்மா அன்னிலேருந்து அடுத்த தடவை செவ்வாய்க்கிழமையே போய் இறங்கணும்னு சொல்லிட்டு இருக்காங்க.